ஏழு மதில் நகரும் இரண்டு ஆறும்

காவிரியாறு முசிறியைக் கடக்கும்போது ஒரே ஆறாகத்தான் ஓடுகின்றது. வடகரையில் முசிறி, எதிரே தென்கரையில் குளித்தலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே மணற்பரப்பு விரிந்து கிடக்கும். கோடையில் நீர் ஓரத்தில் ஒதுங்கிக் கீற்றாய் ஓடும். ஆடிப்பெருக்கின்போதோ கரை முதல் கரைவரை செந்நீர் பரந்து செல்லும். முசிறியிலிருந்து வடகரைச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் குணசீலத்தைக் கடந்து வாத்தலையை அடைவர். அதற்கு அண்மையில், முக்கொம்பு என்னும் இடத்தில், ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே பிரியும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்கே செல்லும் கிளை காவிரி என்னும் பழம் பெயரையே தாங்கிச் செல்லும். கல்லணைக்கு அருகில் இவ்விரு கிளைகளும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இடைப்பட்ட நிலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தீவு. அத்தீவில் அமைந்த நகரமே திருவரங்கம்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சி 273 அடி உயரத்தில் உள்ளது. அங்கு நின்று வடக்கே நோக்குவோர் கண்ணுக்குத் திருவரங்கம் ஒரு தென்னஞ்சோலையாகவே முதலில் தோன்றும். பின்னர் அச்சோலையின் இடையிடையே கோபுரங்கள் தலைகாட்டும். இன்னும் கூர்ந்து நோக்கின், அக்கோபுரங்கள் தாறுமாறாக நிற்பவை அல்ல என்பதும், திசைக்கு ஒரு வரிசையாக உள்ளே செல்லச் செல்லச் சிறுத்து, நடுவில் பொன்வேய்ந்த ஒரு சிறு விமானத்தில் சென்று முடிகின்றன என்பதும் விளங்கும். ஊர் ஒன்று இவ்வளவு ஒழுங்காக அமைவது தானாக நிகழக்கூடியதா? அதனைத் திட்டமிட்டவர் யார்? எத்தனை நூற்றாண்டுகள் யார் யார் பொறுப்பேற்று அதனைக் கட்டி முடித்தனர்?

திருவரங்கத்தின் அமைப்பை விளக்குதல் எளிது. ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் அமைந்துள்ளன. மதிலுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட பரப்பைத் திருச்சுற்று என்பர். உள்ளிருந்து வெளியே வருங்கால் அச்சுற்றுகள் தருமவர்மன், இராசமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என்னும் பெயர்களால் வழங்கப்பெறும். உள்ளே உள்ள நான்கும் கோயிலுக்கு உரியன. வெளியே உள்ள மூன்றிலும் மக்கள் வாழ்கின்றனர். வீடு, கடை, மடம், சத்திரம், பள்ளி ஆகிய யாவும் அம்மூன்றனுள் அடங்கும். மதில்கள் எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் நீட்டி வைத்தால் அவற்றின் நீளம் 32,592 அடி. அஃதாவது 6 மைலுக்கு மேல். பரப்போ ஏறத்தாழ 156 ஏக்கர். சிறியவும் பெரியவுமாகக் கோபுரங்கள் 21.

மக்கள் வாழும் வீதிகளின் பெயர்கள் உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்பன. உத்தர வீதிகளில் தைத்தேர் ஓடும். சித்திரை வீதிகளில் சித்திரைத்தேர் ஓடும். இதனை விழாச் செய்தியாக மட்டும் கொள்ளுதல் கூடாது. நகரமைப்பின் நுட்பம் இதில் அடங்கியுள்ளது. தேர் ஓட வேண்டுமாயின் வீதி அகன்றிருத்தல் வேண்டும். நேராக இருத்தல் வேண்டும். மேடுபள்ளமின்றி இருத்தல் வேண்டும். நான்கு மூலைகளிலும் தேர் திரும்புதற்கு இடம் வேண்டும். வீட்டுக்காரர் ஒருவர் தம் திண்ணையை இரண்டு முழம் முன்னே தள்ளிக் கட்டிவிட்டால், அவ்வாண்டுத் தேர் அவ்விடத்தில் நின்றுவிடும்; ஊரே திரண்டு காரணம் கேட்கும். இன்று நகராட்சிகள் சட்டம் இயற்றியும் ஆள் வைத்தும் காக்க முயன்று பெரும்பாலும் தோற்கும் வீதி அகலத்தை, ஆண்டுக்கொருமுறை உருண்டு வரும் ஒரு மரத்தேர் காத்து வந்தது. அளவுகோலை ஏட்டில் எழுதி வைக்காமல் வீதியிலேயே ஓடவிட்ட அறிவு பாராட்டற்குரியது.

இந்நகர் வளர்ந்த முறை மற்றொரு சிறப்பு உடையது. கோட்டை நகரங்கள் பல, மக்கட்பெருக்கம் ஏற்பட்டபோது தம் மதில்களை இடித்தே வளர்ந்தன. திருவரங்கமோ மதில்களை இடியாமலே வளர்ந்தது. நடுவில் உள்ள கருவறையைச் சுற்றி ஒரு மதில்; பின் வந்தோர் அதற்கு வெளியே ஒன்று; அவர்க்குப் பின் வந்தோர் அதற்கும் வெளியே ஒன்று. உட்சுற்றுகள் சிறுத்தும், வெளிச்சுற்றுகள் அகன்றும், வாயில்கள் நேருக்கு நேராகவும் அமைய வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முன் கட்டியதைக் கெடுக்காமலும், தனக்குப் பின் கட்டப்படுவதற்கு இடம் விட்டும் பணி செய்தது. சோழர், பாண்டியர், போசளர், விசயநகர வேந்தர், நாயக்கர் எனப் பல மரபினர் இந்நகரில் பணி செய்தனர். இவருள் ஒருவரோடொருவர் போரிட்டோரும் உளர். அரசியலில் பகைத்தவர்கள் வரைபடத்தில் பகைக்கவில்லை.

இக்காலத்து நகரம் ஒன்றனோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகராகிய இலாகூர் பாகித்தானத்தின் பகுதியாயிற்று. இந்தியப் பஞ்சாபிற்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. அதற்கென எழுந்ததே சண்டிகர். முதலில் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கரும் மாத்யூ நோவிக்கி என்னும் போலந்து நாட்டவரும் திட்டம் வகுத்தனர். 1950-ஆம் ஆண்டில் நோவிக்கி விமான விபத்தில் இறந்தார். அதன்பின் 1951-ஆம் ஆண்டில் லெ கார்புசியே என்பவர் அழைக்கப்பெற்றார். பியர் ழான்னரே, மாக்ஸ்வெல் பிரை, ஜேன் துரூ ஆகியோர் அவருடன் பணியாற்றினர். பி. எல். வர்மா என்னும் இந்தியப் பொறியாளர் தலைமைப் பொறியாளராக இருந்து பணிகளை நடத்தினார். முதற்கட்டத்தில் 1,50,000 மக்கட்கென வகுக்கப்பட்ட அந்நகர், 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது.

சண்டிகர் நகரம் செக்டர் எனப்படும் பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. ஒரு செக்டர் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. கடை, பள்ளி, பூங்கா ஆகியவற்றை மக்கள் நடந்தே சென்று அடையும் அளவு அது. திருவரங்கத்தின் ஏழு மதிற்பரப்பும் ஒரு செக்டரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆகும். நடந்து செல்லும் மனிதனின் காலே நகரின் அளவுகோல் என்பதை இரண்டு நகரங்களும், ஒன்றையொன்று அறியாமலே, ஏற்றுக்கொண்டுள்ளன. வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. சண்டிகரில் வரைபடம் முந்தியது, நிலம் அளக்கப்பட்டது, சாலையும் குழாயும் சாக்கடையும் முதலில் இடப்பட்டன, வீடுகள் பின்னர் எழுந்தன. அவ்வரிசை மாறினால் இட்ட சாலையைத் தோண்டிக் குழாய் பதித்தலும், பதித்த குழாயை உடைத்து மீண்டும் சாலை இடுதலுமாகப் பொருள் வீணாகும். இக்காலத்து ஊர்களில் வாழ்வோர்க்கு இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. திருவரங்கத்திலோ கைப்பொருள் கிடைத்தபோது கட்டினர், கிடையாதபோது நிறுத்தினர். நிறுத்தியது எங்கே என்பது மட்டும் யாவர்க்கும் தெரிந்திருந்தது.

அவ்வாறு தெரிந்திருந்ததற்குக் காரணம் எழுத்து. திருவரங்கக் கோயிலின் சுவர்களில் 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. எந்த ஊரின் எந்த நிலம், எந்தப் பணிக்கு, யாரால் கொடுக்கப்பட்டது என்பதை அவை கூறும். விளக்குக்கு எண்ணெய், நந்தவனத்திற்குக் கூலி, பழுது பார்த்தற்குப் பொருள் ஆகியவற்றிற்கெல்லாம் தனித்தனியே முதல் ஒதுக்கப்பட்டது. இவையன்றிக் கோயிலொழுகு என்னும் ஏடு ஒன்று உண்டு. கோயிலின் வரலாற்றையும் நடைமுறையையும் வழிவழியாக எழுதி வந்த ஏடு அது. இராமானுசர் திருவரங்கத்தில் இருந்த காலத்தில், ஐந்து வகுப்பாக இருந்த கோயிற் பணியாளரைப் பத்து வகுப்பாக விரித்து, ஒவ்வொரு வகுப்பார்க்கும் உரிய கடமையை வரையறுத்தார் என்று அவ்வேடு கூறும். கல்லை அடுக்குவோர் சிலரே. அடுக்கிய கல்லை நாள்தோறும் காத்தற்கு வேண்டியவரோ பலர். கட்டடத்தைக் காட்டிலும் அதனைப் பேணும் அமைப்பே பெரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அவ்வமைப்பிற்குப் பெரிய சோதனையும் வந்தது. 1311-ஆம் ஆண்டிலும் 1323-ஆம் ஆண்டிலும் தில்லிப் படைகள் திருவரங்கத்தைத் தாக்கின. கோயிலின் உற்சவத் திருமேனியை அடியார்கள் மறைவாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். நகரம் பாழ்பட்டது. 1371-ஆம் ஆண்டிலேதான், விசயநகரத் தலைவராகிய கோபணர் காலத்தில், அத்திருமேனி மீண்டும் திருவரங்கத்தை அடைந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி! முன்னர்ப் பணி செய்தவருள் பலர் இறந்துபட்டிருப்பர். ஆயினும் திரும்பி வந்தோர் புதிய நகர் ஒன்றை வேறிடத்தில் வகுக்கவில்லை. பழைய கோடுகளின்மீதே மீண்டும் பணியைத் தொடங்கினர்.

தெற்கே வெளிமதிலில் உள்ள இராசகோபுரத்தின் வரலாறும் இத்தகையதே. விசயநகர, நாயக்கர் காலத்தில் தொடங்கப்பட்ட அக்கோபுரம் கல்லாலாகிய அடிநிலையோடு நின்றுபோயிற்று. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அதன் வாயில் வழியே வண்டிகள் சென்றன, தலைமுறைகள் சென்றன. ஊரார் அதனை முடிவுறாத பணி என்று கருதுவதையே மறந்தனர் எனலாம். 1979-ஆம் ஆண்டில், அகோபில மடத்தின் 44-ஆம் பட்டத்து அழகியசிங்கர் முயற்சியால் பணி மீண்டும் தொடங்கிற்று. முதிர்ந்த வயதில் அவர் மேற்கொண்ட பணி அது. எட்டு ஆண்டுகளில் பதின்மூன்று நிலைகள் எழுந்தன. 1987-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் 236 அடி உயரத்துடன் கோபுரம் நிறைவெய்தியது. கோபுரத்தின் அடிநிலையைக் கல்லாலும் மேல்நிலைகளைச் செங்கல்லாலும் அமைப்பது தமிழகத்துச் சிற்பியரின் மரபு. பளுவைத் தாங்கும் இடத்தில் கல். பளுவைக் குறைக்க வேண்டிய இடத்தில் செங்கல். அடிநிலை இட்டவர்கள் இக்கணக்கைப் பிழையின்றிச் செய்து வைத்தமையால், 400 ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அதன்மீதே நம்பிக் கட்டினர்.

இனி, இந்நகரின் உயிர்நிலையைக் காண வேண்டும். அது மதில்களுக்குள் இல்லை. பல கல் தொலைவில், மேற்கே முக்கொம்பிலும் கிழக்கே கல்லணையிலும் உள்ளது.

காவிரி பெருக்கெடுத்ததால் திருவரங்கக் கோயில் மணலுள் மறைந்தது என்றும், கிளி ஒன்று உணர்த்த, கிள்ளிவளவன் என்னும் சோழன் அதனைக் கண்டெடுத்தான் என்றும் பழங்கதை ஒன்று வழங்குகின்றது. கிளி பேசியதை நம்பாதவரும் மணல் மூடியதை நம்பலாம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மணலின்மீது அமைந்த ஊருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. நீர் மிகுந்து வந்தால் ஊர் அழியும். நீர் வாராது ஒழிந்தாலும் ஊர் அழியும். இவற்றுள் இரண்டாவது அச்சம் மெல்ல வருவது. ஆதலின் அதனை உணர்தல் அரிது.

முக்கொம்பில் பிரியும் இரண்டு கிளைகளுள் கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுவது. காவிரியோ சரிவு குறைந்தது. சரிவு மிகுந்த வழியில் நீர் விரைந்து செல்லும்; விரைந்து செல்லும் நீர் தன் படுகையை அரித்து ஆழமாக்கும். சரிவு குறைந்த வழியில் நீர் தளர்ந்து செல்லும், தளர்ந்த நீர் தான் சுமந்து வந்த மணலைக் கீழே இட்டுவிடும், படுகை உயரும். படுகை உயர்ந்த கிளையில் அடுத்த ஆண்டு இன்னும் குறைவாகவே நீர் புகும். இன்னும் மிகுதியாக மணல் படியும். இவ்வாறு ஆண்டுதோறும் கொள்ளிடம் ஆழ்ந்தும் காவிரி மேடிட்டும் வந்தன. இதனைத் தடுக்காவிட்டால் ஒருநாள் காவிரி முழுதும் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் சென்றுவிடும். அவ்வாறு நேரின் திருவரங்கத்தின் தென்கரை மட்டுமன்று, தஞ்சை நாட்டு வயல்கள் யாவுமே வறண்டுபோகும்.

பழந்தமிழர் இவ்வச்சத்திற்குக் கண்ட விடையே கல்லணை. கரிகாற் சோழன் கட்டியதாகக் கூறப்பெறும் அவ்வணை 1,080 அடி நீளமுடையது. நேர்க்கோடாக இல்லாமல் பாம்பு போல வளைந்து செல்வது. தீவின் கீழ்முனையில் காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாமல் அது தடுக்கின்றது. அதன் அடியில் பாறை இல்லை, மணலே உள்ளது. மணலில் கல்லை இட்டால் கல் அமிழும். அமிழ்ந்த கல்லின்மேல் மற்றொரு கல்லை இட்டால் அதுவும் அமிழும். அமிழ்தல் நிற்கும் வரை இட்டுக்கொண்டே செல்ல வேண்டும் என்பதுதான் அவ்வணையின் இரகசியம். கேட்பதற்கு எளிதாயினும், எத்தனை கல்லை ஆற்றுக்குக் கொடுத்தபின் ஆறு போதும் என்று கூறும் என்பதை அறிந்து துணிந்தவர் பெருந்துணிவினரே ஆவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மேடிடுதல் மிகுந்தது. சென்னை மாகாணத்தின் பொறியாளராகிய ஆர்தர் காட்டன் என்பார் அக்குறையை ஆராய முற்பட்டார். மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைத் தாம் கல்லணையைக் கண்டே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டுள்ளார். ஆள்வோர் நாட்டைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படுவோரின் முன்னோரை ஆசிரியராக ஏற்றமை அக்காலத்தில் அரிய செயலே. கல்லணையில் கற்றதைக் கொண்டு, 1836-ஆம் ஆண்டில் அவர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தில் புகும் நீரை அது தடுத்து உயர்த்திற்று. உயர்ந்த நீர் காவிரியில் பாய்ந்தது. பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியபோதும் காட்டன் இம்முறையையே கையாண்டார்.

ஆனால் ஆறு எளிதில் அடங்கும் பொருளன்று. மேலணை கட்டிய சில ஆண்டுகளிலேயே எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றிற்று. வறண்டு கிடந்த காவிரியில் அளவுக்கு மீறி நீர் புகத் தொடங்கிற்று. அதன் தலைப்பு அகன்று ஆழ்ந்தது. முன்னர்க் காவிரி மெலிகின்றதே என்று வருந்தியவர்கள், இப்போது காவிரி பெருத்துக் கரையை உடைக்குமே என்று அஞ்சினர். ஆதலின் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு கட்டு எழுப்ப வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்தில் மட்டும் மருந்திட்டால் மறுபக்கம் வீங்கும் என்பதை அப்பொறியாளர்கள் கண்கூடாகக் கண்டனர். பிழையை மறைக்காமல் அடுத்த பணியால் திருத்திக்கொண்டமை அவர்தம் பெருமை. அன்று தொடங்கி, முக்கொம்பில் இரு கிளைகளுக்கும் நீரை அளந்து பகிர்தல் நாள்தோறும் மனிதர் செய்யும் பணியாயிற்று. கொள்ளிடத்தின் வடபுறத்தே வாத்தலையிலிருந்து பெருவளை, புள்ளம்பாடி, அய்யன் வாய்க்கால்கள் பிரிந்து வடகரை வயல்களுக்குச் செல்கின்றன.

1924-ஆம் ஆண்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அவ்வளவு வெள்ளத்தைக் கண்டவர் அதற்கு முன்னும் இல்லை. நெடுங்காலம் பின்னும் இல்லை. மறு ஆண்டு மேட்டூரில் அணைவேலை தொடங்கி 1934-ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின் ஆடிப்பெருக்கு என்பது வானம் தருவதோடு மேட்டூரில் மதகைத் திறப்போர் தருவதும் ஆயிற்று.

நீரும் மணலும் செய்யும் இச்செயல் மதில்களுக்கு உள்ளேயும் நிகழ்ந்தது என்பது வியப்பிற்குரியது. கோயிலின் திருச்சுற்றுகளில் மழைநீர் வழிந்தோடுதற்கும், அதனைக் குளங்களிற் சேர்த்தற்கும் முன்னோர் வழிகள் அமைத்திருந்தனர். சந்திர புட்கரணி, சூரிய புட்கரணி என்னும் இரு குளங்களும் மழைநீரை ஏற்பவை. காலப்போக்கில் இடிபாடும் மண்ணும் சேர்ந்து தரை உயர்ந்தது. பழுது பார்க்க வந்தவர்கள் பழைய தரையை அகற்றாமல் அதன்மேலேயே புதிய தளம் இட்டனர். தூண்களின் அடிப்பகுதி மண்ணுள் மறைந்தது, வடிகால்கள் அடைபட்டன, மழை பெய்தால் நீர் தேங்கிற்று. 2015-ஆம் ஆண்டுக் குடமுழுக்கிற்கு முன் நடைபெற்ற திருப்பணியில், புதிதாக எதனையும் கட்டுவதைக் காட்டிலும், சேர்ந்தவற்றை அகற்றுவதே முதற்பணியாக மேற்கொள்ளப்பட்டது. குப்பையும் மண்ணும் பிற்காலக் கட்டடங்களும் நீக்கப்பட்டுப் பழைய தரை வெளிப்பட்டது. பழைய வடிகால்களும் மழைநீர் வழிகளும் மீண்டும் உயிர்பெற்றன. அப்பணிக்கு 2017-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய மரபுக் காப்புப் பரிசினை வழங்கிற்று. ஒரு நகர் புதிய கோபுரத்திற்காகப் புகழ்பெறுதல் இயல்பு. பழைய சாக்கடையைத் தூர்வாரியதற்காகப் புகழ்பெறுதல் அரிது.

காவிரிக்குத் தென்கரையில் திட்டமிட்டு எழுந்த குடியிருப்புகள் வேறு சில உள. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இரயில்வேயின் தொழிற்சாலை 1928-ஆம் ஆண்டில் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, தொழிலாளர்க்கென ஒரு குடியிருப்பும் அதனுடன் எழுந்தது. 1960-களில் திருவெறும்பூரை ஒட்டிக் கொதிகலன் தொழிற்சாலை அமைந்தபோது கைலாசபுரம் நகரியம் தோன்றிற்று. இவற்றை ஒரே உரிமையாளர் ஒரே முயற்சியில் கட்டினர். ஆதலின் வரைபடமும் கட்டடமும் ஒத்திருந்தன. 1994-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி ஏற்பட்டபோது, தனித்தனி நகராட்சிகளாக இருந்த திருவரங்கமும் பொன்மலையும் அதனுள் இணைந்தன. அன்று முதல் ஆயிரம் ஆண்டு வீதிக்கும் அறுபத்தாறு ஆண்டு வீதிக்கும் குப்பை அள்ளும் பொறுப்பு ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தது.

2018-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மேட்டூர் அணை நிரம்பிற்று. அங்கிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையே மணல் என்பதே தெரியாதவாறு ஆறு பெருகிச் சென்றது. அவ்வெள்ளத்தில் முதலில் வீழ்ந்தது திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய இரும்புப் பாலம். 1928-ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட அப்பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. அருகிலேயே புதிய பாலம் கட்டி முடிக்கப்பட்டு, பழையதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. சில நாள் கழித்து, ஆகத்து 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் தென்கிளையிலுள்ள 45 மதகுகளுள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. 182 ஆண்டுகள் நின்ற கட்டடம் அது. ஆற்றுப் படுகையில் மணல் அள்ளப்பட்டதே காரணம் என்று பலர் கூறினர். கட்டடத்தின் முதுமையே காரணம் என்று வேறு சிலர் கூறினர். எதுவாயினும், காட்டன் அஞ்சிய நிலை ஓரிரவில் வந்துவிட்டது. உடைப்பின் வழியே நீர் முழுதும் கொள்ளிடத்தை நோக்கிப் பாயத் தொடங்கிற்று. தஞ்சைப் பகுதியில் உழவர் நடவுக்குக் காத்திருந்த காலம் அது.

பொறியாளரும் தொழிலாளரும் இரவு பகலாக உழைத்தனர். மணல் மூட்டைகளை அடுக்கினர். பாறைகளை வண்டி வண்டியாகக் கொணர்ந்து உடைப்பில் இட்டனர். இட்டவை அமிழ்ந்தன, அமிழ்ந்தவற்றின்மேல் மீண்டும் இட்டனர். கல்லணையைக் கட்டியவர்கள் செய்ததும் இதுவே. தற்காலிகத் தடுப்பு நிலைபெற்றபின், பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்டும் பணி தொடங்கிற்று. தென்கிளையில் 45 மதகுகளும் வடகிளையில் 10 மதகுகளுமாக அது கட்டி முடிக்கப்பெற்றது. இப்போது முசிறியைக் கடந்து வரும் நீர், அப்புதிய கதவுகளின் முன் வந்து நின்று, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் அளந்து விடப்பெற்று, திருவரங்கத்தின் இரு பக்கமும் ஓடுகின்றது.